பசியைக் கட்டும் போயிலை

“பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருகிற ஆண்களிடம் மருத்துவர் இதைக் கேட்பார். “அதெல்லாம் கையால தொட்டதில்லீங்க” என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அதே ஆள் இடுப்பில் செருகியிருக்கும் பொட்டலத்தில் போயிலை இருக்கும். வரிசையில் பின்னால் நிற்கிற அம்மாவின் சுருக்குப்பையிலும் இருக்கும். அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூட மாட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களை அறிந்த எவருக்கும் இது புதிய செய்தி இல்லை. போயிலை போடுவதை இங்கே கெட்ட பழக்கமாக யாரும் நினைப்பதில்லை. அது வெற்றிலையோடு வந்தது, விருந்தோடு வந்தது. பல்வலிக்குக் கைவைத்தியம், வேலைக்குத் துணை.

பிடிப்பவர், மெல்பவர் இருவர் ரத்தத்திலும் கலப்பது ஒரே நிகோட்டின்தான். ஆனால் அது உள்ளே போகிற வழி வேறு, கூடவே போகிற சரக்கு வேறு. அதனால், உண்ட சோற்றை உடம்பு சக்தியாக்குகிற வேலை, அதாவது வளர்சிதை மாற்றம், இருவரிடமும் இருவேறு விதமாகக் கெடுகிறது. ‘சிகரெட்டுதான் கெடுதல், போயிலை பரவாயில்லை’ என்று நம்புகிறவர்களுக்காகவும், ‘எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்’ என்று அதற்கு மேல் விசாரிக்காமல் விட்டுவிடுகிற மருத்துவத் துறைக்காகவும் இதை எழுதுகிறேன்.

மெல்பவர்கள் சொற்பப் பேர் அல்ல. 2016-17-ல் எடுக்கப்பட்ட ‘காட்ஸ்’ எனப்படும் உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பிடிப்பவர்கள் 10.5 சதவீதம், மெல்பவர்கள், அதக்குபவர்கள் 10.6 சதவீதம். சரிக்குச் சரி. சிலர் இரண்டிலும் வருவார்கள். நாடு முழுவதும் பார்த்தால் பெண்களில் பிடிப்பவர்கள் 2 சதவீதம்தான், மெல்பவர்கள் 12.8 சதவீதம். பிடிப்பதை மட்டும் கேட்கிற மருத்துவமனையில் இந்தப் பெண்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

சுண்ணாம்பு செய்கிற வேலை

வெற்றிலை போடுகிறவர்களின் கைப்பக்குவத்தைக் கவனித்துப் பாருங்கள். காம்பைக் கிள்ளி எறிந்து, நரம்பை உரித்து, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, சீவலை வைத்து மடித்து வாயில் போடுவார்கள். அது கொஞ்சம் மசிந்து சாறு விட்ட பிறகுதான் போயிலையில் ஒரு கிள்ளு கிள்ளிச் சேர்ப்பார்கள். முதல் எச்சிலைத் துப்பிவிட்டு, மிச்சத்தைக் கடைவாயில் அதக்கிக்கொள்வார்கள். பேச்சு தொடரும், வேலை தொடரும், போயிலை அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும்.

இதில் சுண்ணாம்புக்கு முக்கியமான பங்கு உண்டு. நிகோட்டின் ஒரு காரப் பொருள். எச்சில் அமிலப் பக்கம் இருந்தால் அது மின்னேற்றம் பெற்ற வடிவத்தில் கரைந்து நிற்கும். கன்னத்தின் உட்தோல் அதைச் சுலபமாக உள்ளே விடாது. சுண்ணாம்பு வாயைக் காரமாக்கியதும் நிகோட்டின் மின்னேற்றம் இழந்து தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போய்விடும். நம் முன்னோர் காரத்துக்கும் சிவப்புக்கும் சேர்த்த சுண்ணாம்பு, நிகோட்டினுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலையையும் செய்துகொண்டிருக்கிறது.

புகையின் கதை வேறு. நுரையீரலின் காற்றுப்பைகளை எல்லாம் விரித்து வைத்தால் ஒரு பெரிய கூடத்தின் தரை அளவுக்குப் பரப்பு இருக்கும். அங்கே ஏறுகிற நிகோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். வாய்வழிப் போயிலை மெதுவாக ஏறி, அரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அப்படியே நின்றுகொண்டிருக்கும். கலிபோர்னியாவில் நீல் பெனோவிட்ஸ் குழு 1988-ல் இதை அளந்தது. ஒருமுறை சிகரெட் பிடித்ததில் உடம்பில் சேர்ந்த நிகோட்டின் சராசரியாக 1.8 மில்லிகிராம், ஒருமுறை மென்ற புகையிலையிலிருந்து 4.5 மில்லிகிராம். ரத்தத்தில் தொட்ட உச்ச அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மொத்தத்தில் மென்றவர் உடம்பு வாங்கிக்கொண்டது இரண்டு மடங்குக்கும் மேல். பிடிப்பவர் தூங்கும்போது அவர் ரத்தத்தில் நிகோட்டின் இறங்கிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். போயிலையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே படுக்கிறவர்களுக்கு அந்த ஓய்வும் இல்லை.

பத்து மணிப் பசி

கீரமங்கலம் பக்கம் விடிவதற்கு முன்பே பூப் பறிக்கப் போகிற பெண்களிடமும், ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து உடைக்கிறவர்களிடமும், கல் உடைக்கிற இடத்திலும், நூறு நாள் வேலையிலும் போயிலை போடுகிற காரணத்தைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “பசி தெரியாது.” கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ராத்திரி கடலுக்குப் போகிற ஆண்கள் பீடிக்குச் சொல்கிற காரணமும் ஏறத்தாழ அதுவே. பசியும் தூக்கமும் தெரியாது.

அவர்கள் சொல்வது மனப்பிரமை அல்ல. 2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதன் அடிவேரைக் கண்டுபிடித்தார்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்கிற பகுதி இருக்கிறது. ‘போதும், வயிறு நிறைந்துவிட்டது’ என்று அறிவிக்கிற நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. நிகோட்டின் நேரே போய் அவற்றைத் தூண்டுகிறது. வயிறு காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டதாக மூளைக்குத் தகவல் போகிறது. கூடவே அட்ரினலினும் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதலாக எரிக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1986-ல் சிலரை மூடிய அறையில் ஒரு முழு நாள் வைத்து அளந்தார்கள். 24 சிகரெட் பிடித்த நாளில் அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி சுமார் 10 சதவீதம் கூடியது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 200 கலோரி, மூன்று இட்லி.

அமெரிக்க சிகரெட் கம்பெனி ஒன்று 1920-களின் கடைசியிலேயே இதை வியாபாரமாக்கியது. இனிப்பைத் தின்பதற்குப் பதில் எங்கள் சிகரெட்டைப் பிடியுங்கள் என்று பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. வசதியுள்ள பெண்களுக்கு மெலிவதற்காக விற்ற சரக்கை, ஏற்கெனவே மெலிந்த பெண்கள் இங்கே பசியைக் கட்ட வாங்குகிறார்கள். என்னை மிகவும் வருத்துகிற இடம் இதுதான். மும்பையில் சுமார் ஒரு லட்சம் பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. பிடித்தாலும் மென்றாலும், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடம் எடைக்குறைவு அதிகமாக இருந்தது. சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிற சுவீடனில் வாய்வழிப் புகையிலை போடுகிறவர்களிடம் இதற்கு நேர்மாறாக எடை கூடுவதை ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நிகோட்டின் ஒருவரை மெலியவைக்குமா, பெருக்கவைக்குமா என்பதை அந்த வீட்டுச் சோற்றுப்பானையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

எடை குறைவாக இருப்பதால் சர்க்கரை வராது என்றும் சொல்ல முடியாது. அட்ரினலின் ஏறியதும் கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகின்றன. அது தசையிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அங்கே கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்வதை அந்தத் திசுக்கள் கேட்பதில்லை. புகைபிடிப்பவர்களின் தசையை எடுத்து அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்த அந்த ஆய்வு, நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்திலேயே இன்சுலின் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதையும் காட்டியது. புகைபிடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் 2014-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆள் ஒல்லியாக இருப்பார், வயிற்றைச் சுற்றி மட்டும் கொழுப்பு ஏறியிருக்கும். கையும் காலும் குச்சி, நடுவில் தொப்பை என்று நம் ஊர்த் தேநீர்க் கடை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பீடிக்காரர்களின் உருவம் இது.

புகைக்கு மட்டும் உரியது

இதுவரை சொன்னது நிகோட்டினின் வேலை, இருவருக்கும் பொது. புகை தன் பங்குக்குக் கொண்டுவருகிற தொல்லைகள் தனி.

முதலாவது கார்பன் மோனாக்சைடு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் பற்றாமல் போக, உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருப்பதுபோல் தெரியும்; அதில் ஒரு பகுதி வேலைக்கு உதவாதது. இதனால்தான் புகைபிடிப்பவர்களின் ரத்தசோகையைக் கணிக்கும்போது அளவைக் குறைத்துப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போயிலை மெல்பவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் மும்பையில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று (2008), வாய்வழிப் புகையிலை போட்டவர்களிடம் ரத்தசோகை அதிகம் என்று கண்டது.

இரண்டாவதைப் பற்றி நம் மருந்துக்கடைகளிலும் வீடுகளிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. எரிகிற எதிலும் உண்டாகும் கரிச் சேர்மங்கள் சில, கல்லீரலில் ‘சிஒய்பி1ஏ2’ என்கிற நொதியைப் பெருக்கிவிடுகின்றன. காபியிலுள்ள காஃபீன், மூச்சிரைப்புக்குக் கொடுக்கிற தியோபிலின், மனநோய்க்குக் கொடுக்கிற குளோசபின், ஓலான்சபின் எல்லாவற்றையும் உடைத்து வெளியேற்றுவது இந்த நொதிதான். ஆகவே புகைபிடிப்பவர் உடம்பில் இந்த மருந்துகள் சீக்கிரம் கரைந்துவிடும். அவருக்குக் கூடுதல் அளவு கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். அவர் திடீரென்று பீடியை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதே மாத்திரை இப்போது அதிக அளவாகி, படபடப்பு, வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகலாம். வழக்கமாகக் குடிக்கிற காபியே கைநடுக்கத்தைத் தரும். ‘பீடியை விட்டதிலிருந்துதான் உடம்பு சரியில்லை’ என்று சொல்லி மறுபடி பற்றவைக்கிறவர்களில் சிலருக்கேனும் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். இந்த நொதியைப் பெருக்குவது புகைதான், நிகோட்டின் அல்ல. அதனால் போயிலை மெல்பவர் நிறுத்தும்போது இந்த மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிய தேவை எழாது. இருவருக்கும் ஒரே கேள்வி போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வைட்டமின் சி-யையும் புகை தின்றுவிடுகிறது. புகைபிடிப்பவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை என்பது அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. ஒரு கொய்யாவில் அதைவிடத் தாராளமாகக் கிடைத்துவிடும். அதனால் புகை செய்த மற்றக் கேடுகள் சரியாகிவிடாது.

பாக்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

‘சுவீடனில் வாய்வழிப் புகையிலையால் பெரிய கெடுதல் இல்லையாமே’ என்று படித்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. அங்கே போடுவது ‘ஸ்னூஸ்’. ஆவியில் பதப்படுத்தி, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்களைக் குறைத்துச் செய்தது. அதில் பாக்கு கிடையாது. அப்படியிருந்தும் வாரத்துக்கு ஐந்து டப்பாவுக்கு மேல் தீர்ப்பவர்களுக்கு நீரிழிவு ஆபத்து கூடுவதை 2017-ல் வெளிவந்த சுவீடன் ஆய்வு காட்டியிருக்கிறது. நம் ஊர் போயிலையோ பாக்கோடும் சுண்ணாம்போடும் போகிறது. சுவீடன் கணக்கைக் கொண்டுவந்து நம்மூர்ச் சுருக்குப்பையில் போட முடியாது.

பாக்கு தனியாகவே விஷயமுள்ள பொருள். 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கை மட்டுமே எடுத்துப் பார்த்து, புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. சர்க்கரையோடு அதற்குள்ள உறவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. லண்டனில் பார்பரா பௌச்சர் குழுவினர் 1994-ல் எலிகளுக்குப் பாக்குக் கலந்த தீனி கொடுத்தார்கள். சிலவற்றின் ரத்தச் சர்க்கரை ஏறியது. பாக்கையே தொடாத குட்டிகளில் சிலவற்றுக்கும் ஏறியிருந்தது. பிறகு தைவானில், புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போடுகிறவர்களிடம் நடந்த ஆய்வுகள், சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் கூடுவதைக் கண்டன. பீடி பிடிப்பவருக்கு இந்தக் கூட்டாளி இல்லை. போயிலை போடுகிறவருக்குக் கூடவே வருகிறான்.

குழந்தை உண்டானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாந்தி வராமலிருக்க, வாய்க் குமட்டல் அடங்க என்று சொல்லிப் போயிலை போடுவது உண்டு. மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து பார்த்த பிரகாஷ் குப்தா, ஸ்ரீவித்யா இருவரின் ஆய்வு 2004-ல் வந்தது. போயிலை போட்ட தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன; குறைமாதப் பிரசவமும் கூடியது. கார்பன் மோனாக்சைடு கிடையாது, புகை கிடையாது. அப்படியும் குழந்தை மெலிகிறது. நிகோட்டின் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவது இதற்கு ஒரு காரணம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு நடுவயதில் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல நாடுகளில் உறுதியான உண்மை. ஆக, தாயின் பசியைக் கட்டிய போயிலை பிள்ளையின் நாற்பதாவது வயதில் சர்க்கரையாகத் தலைகாட்டலாம்.

இதயத்தின் பக்கம் பார்த்தால், 52 நாடுகளை உள்ளடக்கிய ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு (2006) மாரடைப்பு ஆபத்தை இப்படி அளந்தது: பிடிப்பவருக்குச் சுமார் மூன்று மடங்கு, மெல்பவருக்கு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல், இரண்டும் உள்ளவருக்கு நான்கு மடங்கு. பீடியும் சிகரெட்டைப் போலவே. வேலை நேரத்தில் போயிலை, வேலை விட்டு வந்தால் பீடி என்று வாழ்கிறவர்கள்தான் எல்லாரிலும் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். சிகரெட்டைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பாக்கெட் புகையிலைக்கு மாறுகிற இளைஞர்கள் பல நேரம் இரண்டையும் வைத்துக்கொள்வதில்தான் போய் முடிகிறார்கள்.

தடையைப் பற்றிச் சுருக்கமாக. 2013 மே மாதம் தமிழ்நாடு அரசு குட்காவையும் மெல்லும் புகையிலைப் பொருள்களையும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை உத்தரவை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ‘கூல் லிப்’ என்கிற வாய்வழிப் புகையிலை பள்ளி மாணவர்களிடம் பரவியதைக் கண்டு, நாடு முழுவதும் அதை ஏன் தடை செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் கேட்டது. கடைக்காரரைப் பிடிப்பதில் காட்டும் வேகத்தில் பாதியாவது, ஏற்கெனவே பழகிவிட்டவரை விடுவிப்பதில் காட்ட வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

புற்றுநோய்க்கு எதிராகத் தமிழ்நாட்டில் முதலில் எழுந்து நின்றவர் இந்த மண்ணின் பெண். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அடம்பிடித்து இடம் வாங்கிப் படித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில்தான், 2002-ல் நாட்டின் முதல் பதின்மூன்று புகையிலை மீட்பு மையங்களில் ஒன்று தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றியது. கல்குவாரிப் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். பெண்களிடம் நேரே போய்ப் பேசினால் மாற்றம் வரும் என்பதற்கு புதுக்கோட்டைக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

இன்று வீடு தேடி வருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். தொற்றா நோய்களுக்கான தேசியப் படிவத்தில் புகைப்பதும் மெல்வதும் ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன. ‘உண்டு’ என்று ஒரு மதிப்பெண் விழுந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அதைப் பிரிக்க வேண்டும். பிடிக்கிறீர்களா, போடுகிறீர்களா, இரண்டுமா? பாக்கோடா, தனியாகவா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? காலையில் எழுந்த எத்தனை நேரத்தில் முதல் தடவை? ராத்திரி அடக்கிக்கொண்டு படுப்பதுண்டா? முகம் சுளிக்காமல், ‘வெத்தலை போடுவீங்களாம்மா, போயிலையும் உண்டா?’ என்று கேட்டால் எந்த அம்மாவும் மறைக்க மாட்டார். பதிலைப் பொறுத்துத்தான் மாத்திரையின் அளவு, ஹீமோகுளோபின் கணக்கு, வாய்ப் பரிசோதனை எல்லாம் மாறுகின்றன.

நிறுத்துகிறவர்களுக்கும் முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை காலம் கட்டிவைத்த பசி அவிழ்ந்துகொண்டு வரும். சிகரெட்டை விட்டவர்கள் முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறார்கள். அதனால் சிலருக்குச் சர்க்கரை ஆபத்து சில ஆண்டுகள் சற்றே ஏறவும் செய்யலாம். ஆனால் எடை கூடினவர்களுக்கும் சாவின் ஆபத்து குறையவே செய்தது என்று 2018-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்மூர்க் கூலிப் பெண்ணுக்கு அந்த எடை பல சமயம் தேவையான எடை. அவருக்கு வேண்டியது பத்து மணிக்கு ஒரு செம்பு கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ. நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் இதற்கு வழி செய்வதைப் போயிலை ஒழிப்பின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் நிறுத்திய முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அழைத்ததும் பிடிப்பதா, மெல்வதா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பாக்குப் போட்டு வாய் இறுகி, மூன்று விரல்கூட நுழையாத நிலையில் இருப்பவருக்கு நிகோட்டின் சூயிங்கம் சரிப்படாது, ஒட்டுப்பட்டைதான் வழி. மூச்சிரைப்புக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிற பீடிக்காரர், நிறுத்தப்போகிற நாளை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.